குழந்தைகள், மூட்டுவலி அம்மாவோடு முதல் காட்டு நடை: 6 கி.மீ. சுற்றுப்பாதை சரிப்படுமா?

நாற்காலி_வாசி:
வணக்கம். நானும் மனைவியும், 9 வயதில் ஒரு பையன், 4 வயதில் ஒரு பெண், அப்புறம் மூட்டு வலியோடு என் அம்மா. யாருமே இதுவரை காட்டுக்குள் நடந்ததில்லை. ஒரு சுற்றுப்பாதை கண்ணில் பட்டது: 6 கி.மீ., மொத்த ஏற்றம் 150 மீட்டர், ஏறக்குறைய முழுக்க மர நிழல், கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். நுழைவாயில் பலகையில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது. மாலை 4 மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம்தானே? சின்னவளுக்குத் தள்ளுவண்டி எடுத்துப் போகலாமா? நிழல்தானே, ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் போதும் என்று நினைக்கிறேன்.

மரநிழல்:
4 மணி வேண்டாம். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி மைலிலும் அடியிலும் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது 5 கி.மீ.க்கு ஒரு மணி, கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி என்று வரும். உங்கள் பாதைக்கு 72 நிமிடமும் 15 நிமிடமும், ஆக 87. பலகையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது தெம்பான ஒருவர் நிற்காமல் நடக்கிற கணக்கு, எறும்புப் புற்றைக் கண்டதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும் 4 வயதுக்காரி அதில் இல்லை. இரண்டு மடங்காக்கி, மேலே அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே, வெளியில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே தரை மங்கிவிடும், வேர் எது நிழல் எது என்று தெரியாது. அதனால் காலையில் போங்கள்.

தள்ளுவண்டியும் வேண்டாம். தார் போட்ட பாதையாக இருந்தால் சரி, வேர்கள் குறுக்கே ஓடும் பாதையில் குழந்தையையும் வண்டியையும் சேர்த்து நீங்கள்தான் தூக்க வேண்டிவரும். (எனக்கு அனுபவம் உண்டு, அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

பாதி_வழி:
நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். முதல் தடவைக்கு சுற்றுப்பாதையே வேண்டாம், போன வழியே திரும்புகிற பாதைதான் நல்லது. யார் எப்போது சோர்ந்தாலும் திரும்பிவிடலாம், வந்த தூரம்தான் போகிற தூரம். சுற்றில் பாதியைத் தாண்டிவிட்டால் அழுதாலும் புரண்டாலும் முன்னால் போவதுதான் கிட்ட.

மரநிழல்:
உண்மைதான், ஆனால் பார்த்த வழியிலேயே திரும்பி வரச் சொன்னால் என் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நான் செய்வது இது: 2 கி.மீ.யில் கட்டாயம் உட்காருவோம், எல்லார் முகத்தையும் பார்ப்போம். திரும்பினால் இன்னும் 2, தொடர்ந்தால் 4. ஒருத்தர் தயங்கினாலும் திரும்பிவிடுவோம். அந்த இடத்தை வரைபடத்தில் முன்பே குறித்து வைத்துவிடுங்கள், அங்கே போய் யோசித்தால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

மூட்டு_தேய்ந்தவன்:
அம்மாவுக்காக ஒன்று. சுற்றுப்பாதையில் எவ்வளவு ஏறுகிறோமோ அவ்வளவு இறங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. மூட்டை அதிகம் படுத்துவது இறக்கம்தான். வரைபடத்தில் உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நெருக்கமாக இருந்தால் அங்கே சரிவு செங்குத்து, அந்தப் பக்கத்தை ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கோடுகள் விலகி இருக்கும் பக்கமாக இறங்குங்கள். கையில் ஊன்றுகோல் இருக்கட்டும், ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும். அம்மாவை முன்னால் நடக்க விடுங்கள், அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

தண்ணீர் விஷயத்தில் நிழலை நம்ப வேண்டாம். காற்றில்லாத ஈரக் காட்டில் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பும் குளிராது. பெரிய பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி_பயம்:
எல்லாரும் முழுக்கால் பேண்ட் போட்டு நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பலத்த காற்று வீசும் நாளில் போகாதீர்கள், பட்டுப்போன கிளைகள் விழும். அதே காரணத்தால் உட்காருவதற்கு முன் ஒரு தடவை தலைக்கு மேலே பார்ப்பது நல்லது.

நுழைவாயில் வரைபடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே போனில் நம் புள்ளி பாதையை விட்டுத் தள்ளிக் காட்டும், அதைப் பார்த்துப் பதறி நிஜமாகவே பாதையை விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. மரங்களில் உள்ள வண்ணக் குறிகளைப் பாருங்கள். கொஞ்ச நேரம் குறியே வரவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிவிடுங்கள். குழந்தைகள் கழுத்தில் ஆளுக்கு ஒரு விசில். தொலைந்துவிட்டால் தேடி ஓடாமல் ஒரு மரத்தடியிலேயே நின்று ஊதச் சொல்லுங்கள்.

நாற்காலி_வாசி:
எல்லாருக்கும் நன்றி. காலை 8 மணி, தள்ளுவண்டி கிடையாது, 2 கி.மீ.யில் உட்காருவோம். கோடுகளைப் பார்த்தேன், பலகை அம்புக்குறி காட்டுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் இறக்கம் சுலபம். இரு பக்கமும் நடக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறேன். விசில் இன்றே வாங்கியதுதான் தப்பு, வீட்டுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.