கருப்பு காரு, உப்பு தண்ணி, வெள்ளை வெள்ளையா புள்ளி... வீட்லயே வண்டி கழுவுறவங்க கொஞ்சம் வாங்க

கருப்பு_ஐ20:

வணக்கம் மக்களே. சென்னை மேடவாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கேன், வண்டி எடுத்து ஒன்னேகால் வருஷம் ஆச்சு, கருப்பு கலர். எடுக்கும்போதே மாமா சொன்னாரு, கருப்பு எடுக்காதடா துடைச்சே தேஞ்சிடுவன்னு, நான் எங்க கேட்டேன்.

எங்க பிளாக்ல தினமும் காலைல ஒரு அண்ணா வந்து துடைப்பாரு, மாசம் 600. ஒரே பக்கெட், ஒரே துணி, அதுலயே பத்து பன்னெண்டு வண்டி. போன வாரம் நைட்டு பெட்ரோல் பங்க்ல அந்த வெள்ளை லைட்டுக்கு கீழ நிக்கும்போது தான் பாத்தேன், பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு. மனசே விட்டு போச்சு. சரி இனிமே நானே கழுவிக்கிறேன்னு சொல்லி அவர நிறுத்திட்டு (பாவமா தான் இருந்துச்சு) ஞாயித்துக்கிழமை காலைல 11 மணிக்கு விசிட்டர் பார்க்கிங்ல வச்சு போர் தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய பனியன் எல்லாம் எடுத்துட்டு இறங்கிட்டேன். ஒரு பக்கம் கழுவிட்டு மறுபக்கம் போறதுக்குள்ள ரூஃப் காஞ்சு வெள்ளை வெள்ளையா புள்ளி, சொட்டு விழுந்த இடமெல்லாம் வளையம். திரும்ப தண்ணி ஊத்தி துடைச்சா இன்னும் ஜாஸ்தி ஆகுது!!

புள்ளி போக என்ன பண்ணணும்? அந்த கோடு போகுமா? அசோசியேஷன்ல ஹோஸ் போட விட மாட்டாங்க, பக்கெட் மட்டும் தான்.

பழைய_ஜென்காரன்:

தம்பி, ஒரே நாள்ல எத்தன தப்பு பண்ண முடியுமோ அத்தனையும் பண்ணிருக்கீங்க, கவலப்படாதீங்க நாங்களும் பண்ணிட்டு தான் வந்தோம் 😀

மொதல்ல அந்த கோடு. அது அழுக்கால வரல, அழுக்க வச்சு தேச்சதால வந்துச்சு. நம்ம ஊரு தூசில மணல் இருக்கு, காஞ்ச வண்டிய ஈரத்துணில துடைக்கும்போது அந்த மணல் பெயிண்ட் மேல உப்புத்தாள் மாதிரி ஓடுது, பத்து வண்டி மணலும் உங்க வண்டிக்கு இலவசம். பெயிண்டுக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கு, கம்பெனி பெயிண்ட்ல அது ஏறக்குறைய 40, 50 மைக்ரான் தான், தலைமுடிய விட மெல்லிசு. கோடு எல்லாம் அதுல தான். பாலிஷ்ங்கிறது என்னன்னா அதையே கொஞ்சம் சீவி சமம் பண்றது, அதனால மாசாமாசம் பாலிஷ் போட சொல்றவன் கிட்ட போகாதீங்க. நகத்த வச்சு குறுக்க இழுத்து பாருங்க, நகம் மாட்டலன்னா பாலிஷ்ல போயிடும், மாட்டுச்சுன்னா விட்டுடுங்க.

இனிமே கழுவுற முறை. காலைல 7 மணிக்குள்ள, இல்ல சாயங்காலம் வெயில் இறங்கி பானட் கைக்கு ஜில்லுனு ஆனப்புறம். ரெண்டு பக்கெட், ஒன்னுல கார் ஷாம்பு, இன்னொன்னுல வெறும் தண்ணி. வீல் மொதல்ல, அதுக்கு தனி துணி தனி மக்கு, அந்த துணி பாடி பக்கமே வரக்கூடாது, பிரேக் தூள் எல்லாம் அதுல தான் இருக்கும். அப்புறம் மக்குல மேலேந்து நல்லா தண்ணி ஊத்தி தூசிய இறக்கணும், தொடவே கூடாது. இந்த ஒரு வேலைய அவசரப்படாம செஞ்சா பாதி கோடு வராது. அதுக்கப்புறம் கையுறை மாதிரி ஒரு வாஷ் மிட் விக்கிறான், அத ஷாம்புல முக்கி ரூஃப்லேந்து ஆரம்பிச்சு நேர் கோட்டுல, வட்டமா சுத்தாம, ஒரு பேனல் முடிஞ்சதும் வெறும் தண்ணி பக்கெட்ல அலசி, பிழிஞ்சு, திரும்ப ஷாம்பு. கடைசில அந்த ரெண்டாவது பக்கெட் அடில பாருங்க, ஒரு விரல் கனத்துக்கு மணல் படிஞ்சிருக்கும், அவ்வளவும் பெயிண்ட்ல ஓடிருக்க வேண்டியது. கதவுக்கு கீழ்ப்பாகம், பம்பர் எப்பவும் கடைசி.

பாத்திரம் கழுவுற லிக்விட் வேணாம், பெயிண்ட் மேல பாதுகாப்புக்கு போடுற வேக்ஸ் இருந்தா அதையும் சேத்து வழிச்சு எடுத்துடும். பனியன் துணி கண்டிப்பா வேணாம்.

சும்மா_வந்தேன்:

டூத்பேஸ்ட் போட்டு தேச்சா கோடு போயிடும் ப்ரோ, நான் ஹெட்லைட்டுக்கு போட்டேன் பளிச்சுனு ஆச்சு

பழைய_ஜென்காரன்:

ஹெட்லைட் பிளாஸ்டிக், அதுவும் ரெண்டு மாசத்துல திரும்ப மஞ்சளாகும், ஏன்னா மேல இருந்த யுவி கோட்டிங்கயும் சேத்து தேச்சு எடுத்துட்டீங்க. கருப்பு பெயிண்ட்ல அத போட்டா கோடு போகாது, பழைய கோட்டோட புது கோடு சேரும். தயவுசெஞ்சு வேணாம்.

ஏசி_தண்ணி_ரசிகன்:

கோடு பத்தி அண்ணன் சொல்லிட்டாரு, நான் தண்ணி பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல நான் அனுபவப்பட்டவன், பள்ளிக்கரணைல நாலு வருஷம் குடியிருந்தேன்.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குறது) ஒன்னு வாங்கி உங்க போர் தண்ணில வச்சு பாருங்க. எங்க பிளாக்ல 1400 காட்டுச்சு, அதாவது லிட்டருக்கு 1400 மில்லிகிராம். குடிதண்ணிக்கே 500க்குள்ள இருக்கணும்னு ஐஎஸ் 10500ங்கிற இந்திய தரம் சொல்லுது. 1400னா என்னன்னு யோசிங்க, ஒரு லிட்டர் தண்ணி வண்டி மேல காஞ்சா ஏறக்குறைய 1.4 கிராம் உப்பு அங்கயே நிக்குது. கெட்டில் அடில வெள்ளையா படியுமே, அதே கால்சியம் மெக்னீசியம் தான் உங்க ரூஃப்ல வளையமா நிக்குது. அத போக்க அதே தண்ணிய ஊத்துனா ஜாஸ்தி ஆகத்தானே செய்யும்.

இன்னொன்னு, நிறைய வீட்ல ஆர்ஓ மெஷின்லேந்து வெளிய போற தண்ணிய வீணாக்க கூடாதுன்னு புடிச்சு வச்சு வண்டி கழுவுவாங்க. நல்ல எண்ணம் தான், ஆனா வடிகட்டுன உப்பு முக்கால்வாசி அதுல தான் இருக்கு, போர் தண்ணிய விட மோசம். அத வீல் கழுவ, தரை துடைக்க வச்சுக்கோங்க.

நான் பண்றது: படுக்கை ரூம் ஏசி பைப்புக்கு கீழ பக்கெட். சென்னை புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடுனா கிட்டத்தட்ட பாதி பக்கெட்டுக்கு மேல சேரும். காத்துல இருக்குற ஈரம் குளுந்து வர்ற தண்ணி, அதுல உப்புக்கு வேலை இல்ல, என் மீட்டர்ல 20க்கு மேல போனதே இல்ல. காயில் தூசி கொஞ்சம் வரும், வேட்டி துணில வடிகட்டிக்குவேன். போர் தண்ணில கழுவி முடிச்சு, அது காயறதுக்குள்ள கடைசி அலசலுக்கு மட்டும் இந்த தண்ணிய மக்குல மெதுவா மேலேந்து விடுவேன். மழை தண்ணி புடிச்சு வச்சாலும் சரி தான். அப்புறம் பெரிய மைக்ரோஃபைபர் டவல விரிச்சு போட்டு ரெண்டு கையால மெதுவா இழுத்தா போதும், அழுத்தி துடைக்க வேணாம். டவல் கீழ விழுந்துச்சுன்னா அன்னிக்கு அது ரிட்டயர்டு.

இப்ப இருக்குற புள்ளிக்கு: மளிகை கடை வெள்ளை வினிகர், அதே அளவு ஏசி தண்ணி கலந்து, துணிய நனைச்சு புள்ளி மேல ஒரு நிமிஷம் போட்டு வைங்க, நிழல்ல, பாடி சூடில்லாம இருக்கும்போது. தேய்க்காம எடுத்து உடனே நல்லா அலசிடுங்க. உப்பு படிஞ்சது மட்டும்னா கரைஞ்சுடும். அதுக்கு மேலயும் தெரிஞ்சா பெயிண்ட்ட அரிச்சிருக்குன்னு அர்த்தம், அதுக்கு பாலிஷ் தான். வினிகர் போட்ட இடத்துல வேக்ஸ் போயிருக்கும், திரும்ப போடணும்.

கோயம்புத்தூர்_அக்கா:

எங்களுக்கு சிறுவாணி தண்ணி, இந்த பிரச்சினையே தெரியாது, மன்னிச்சுக்கோங்க 😄 ஆனா ஒரு விஷயம், ஆயுத பூஜை முடிஞ்சு சந்தனம் குங்குமத்த ஒரு வாரம் பானட்லயே விட்டுடாதீங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தது தான் குங்குமம், வெயில்ல காஞ்சா எங்க வெள்ளை வண்டில ஆரஞ்சா ஒரு நிழல் அப்படியே நின்னுடுச்சு. நம்பர் பிளேட்ல வச்சா சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. விபூதிய மட்டும் காஞ்ச துணில தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தி இறக்குங்க. புங்க மரத்தடி பார்க்கிங்கும் வேணாம், பிசுபிசுன்னு சொட்டும்.

தங்கச்சி பெங்களூர்ல இருக்கா, 2024 மார்ச்ல குடிதண்ணில கார் கழுவுனா 5000 ரூபா ஃபைன்னு சொன்னதுலேந்து அவளும் ஏசி பக்கெட் கட்சி தான்.

கருப்பு_ஐ20:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு அப்டேட். மீட்டர் வாங்கினேன், எங்க போர் 1620!! ஏசி தண்ணி 14. வினிகர் வச்சதுல பானட் சுத்தமா போச்சு, ரூஃப்ல ஆண்டெனா பக்கத்துல மூணு வளையம் மட்டும் அசையல. காலைல 6 மணிக்கு இறங்கி ரெண்டு பக்கெட் முறைல கழுவுனேன், முக்கா மணி நேரம் ஆச்சு, இடுப்பு போச்சு, ஆனா அந்த பக்கெட் அடில மணல பாத்ததும் வயித்த கலக்கிடுச்சு. மறுநாள் பிரேக் டிஸ்க்ல துரு மாதிரி தெரிஞ்சு பயந்துட்டேன், நாலு தடவ பிரேக் புடிச்சதும் தேஞ்சு போயிடுச்சு.

துடைக்கிற அண்ணாவ திரும்ப கூப்ட்டுட்டேன், நானே ஒரு துணி குடுத்து கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும், மாசம் 400. அவரே சொல்றாரு, பக்கெட் தண்ணி மாத்த கீழ ஒரு குழாய் கூட இல்ல சார், மூணாவது மாடிக்கு போய் தான் எடுத்துட்டு வரேன்னு. அசோசியேஷன் மீட்டிங்ல கேட்டிருக்கேன், பாப்போம்.

சரி அந்த சிலந்தி வலைக்கு பாலிஷ் மெஷின் சென்னைல வாடகைக்கு எங்கயாவது கிடைக்குமா? சொந்தமா வாங்கணும்னா வீட்ல என்னையும் சேத்து பார்க்கிங்ல படுக்க சொல்லிடுவாங்க.