72 பென்சில், 24 கேக்: கலர் சார்ட் போட்டும் ஷேடு பொருந்த மாட்டேங்குது, வழி சொல்லுங்க

மாடிவகுப்பு (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். சனி, ஞாயிறு எங்க வீட்டு மாடியில பதினோரு பிள்ளைங்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கேன். போன மாசம் தங்கச்சி துபாயில இருந்து 72 கலர் பென்சில் டப்பா ஒண்ணு கொண்டுவந்து தந்தா. ஏற்கெனவே 24 கேக் உள்ள வாட்டர்கலர் பெட்டியும் பத்துப் பன்னிரண்டு கவாஷ் (கெட்டியா, கீழ இருக்கிறதை மறைக்கிற வாட்டர்கலர்) ட்யூபும் இருக்கு. பென்சிலோட அடியில பூசியிருக்கிற நிறம் ஒண்ணு, தாள்ல விழுற நிறம் ஒண்ணு. அதனால ஒரு சார்ட் போட்டு வச்சுக்கலாம்னு கோடு போடாத நோட்டுல வரிசையா எல்லாத்தையும் தீட்டினேன். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து செஞ்ச வேலை.

அதைப் பார்த்து மயில் கழுத்துக்கு ஒரு பச்சையை எடுத்துத் தடிமனான டிராயிங் பேப்பர்ல அடிச்சா, நோட்டுல இருந்த ஆழம் வரவே இல்லை. வெள்ளை வெள்ளையாப் புள்ளி தெரியுது. கவாஷ்ல இன்னொரு கஷ்டம். வானத்துல ஒரு இடம் விட்டுப்போச்சுன்னு ஈரமா இருக்கும்போதே சரியாப் பொருத்தித் தீட்டினேன். காலையில பார்த்தா ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியா நிக்குது.

நான் எங்க தப்புப் பண்ணுதேன்? கட்டம் எவ்வளவு பெருசா இருக்கணும், பக்கத்துல என்னென்ன எழுதணும்? 24 கலரையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து பார்த்து வைக்கணுமா?

பென்சில்சீவி (மதுரை)

அக்கா, நெட்ல கட்டம் போட்ட டெம்ப்ளேட் நிறையக் கிடைக்கும். பிரிண்ட் எடுத்து அப்படியே தீட்டிடலாம். நான் காலேஜ்ல அப்படித்தான் வச்சிருக்கேன், அரை மணி நேர வேலை.

சாயலேப் (திருப்பூர்)

டீச்சரம்மா, நான் சாயப்பட்டறை லேப்ல 27 வருஷம் இருந்தவனுங்க. இப்ப ஓய்வு. வாட்டர்கலர்ல பூ வரையறது மட்டும்தான் பொழுதுங்க. உங்க கேள்வியைப் படிச்சதும் பழைய வேலை ஞாபகம் வந்திருச்சு, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எங்க வேலையில துணி வாங்கற பையர் ஒரு துணித்துண்டு அனுப்புவாருங்க. அதே ஷேடு நம்ம துணியில வரணும். நேரா ஆயிரம் கிலோவை மெஷின்ல போட மாட்டோம். சாயம் ஏத்தப்போற அதே துணியில சின்னதா ஒரு துண்டு வெட்டி லேப் டிப் போட்டு, காயவச்சு, லைட் பாக்ஸ்ல வச்சுப் பார்ப்போம். நீங்க வேற துணியில டிப் போட்டுட்டு வேற துணிக்குச் சாயம் ஏத்திட்டீங்க, அதுதான் நடந்ததுங்க. நோட்டுத்தாள் வழுவழுன்னு இருக்கும். டிராயிங் பேப்பர்ல மேடு பள்ளம் உண்டு; பென்சில் மேட்டை மட்டும் தொட்டுட்டுப் பள்ளத்தை விட்டுரும். நீங்க பார்த்த வெள்ளைப் புள்ளி அதுதான். மதுரைத் தம்பி சொன்ன டெம்ப்ளேட்டும் பென்சிலுக்குச் சரி, ஆனா ஜெராக்ஸ் பேப்பர்ல எடுத்தா இதே கதைதான். வாட்டர்கலர் ஷீட்லயே இங்க்ஜெட்ல எடுத்தா, பல பிரிண்டர்ல தண்ணி பட்டதும் கோடு கரைஞ்சு நிறத்துல கலந்துரும். ஸ்கேலும் பென்சிலும் எடுத்து நீங்களே கோடு போட்டுக்குங்க. படம் போடற ஷீட்டுல இருந்தே வெட்டுங்க.

வாட்டர்கலர் கட்டம் 3 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் நான் வைக்கறது. முதல்ல தண்ணிக்குக் கரையாத கறுப்புப் பேனாவுல குறுக்கே தடிமனா ஒரு கோடு. காய்ஞ்சதும் மேலே நிறத்தைக் கெட்டியாத் தொட்டு வச்சு, கீழே வரவரத் தண்ணி மட்டும் சேர்த்து இழுத்து வெளிற விடுங்க. காட்மியம் மஞ்சள் அந்தக் கறுப்புக் கோட்டு மேல பாலாடை மாதிரி படியும். தாலோ ப்ளூ கண்ணாடி மாதிரி கோட்டை அப்படியே காட்டும். எது மறைக்கும், எது மறைக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுபோகும். மறுநாள் கட்டத்தோட ஒரு மூலையை ஈரத் தூரிகையால பத்து விநாடி தேய்ச்சு, டிஷ்யூவால ஒத்தி எடுங்க. அல்ட்ராமரின் பெரும்பாலும் எழுந்து வந்துரும். தாலோ தாளுக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும், விடாது. பிள்ளைங்க தப்பாப் போட்டா எதை அழிக்க முடியும்னு உங்களுக்கு இதுல இருந்தே தெரியும்.

கவாஷ் விஷயம்: வெளிர் நிறம் காய்ஞ்சா கொஞ்சம் இருளும், அடர் நிறம் காய்ஞ்சா கொஞ்சம் வெளிறும். அதனால ஈரத்துல பொருத்தவே கூடாதுங்க. ஓரத் தாள்ல ஒரு தொடு வச்சு, காயவிட்டு, அதைப் படத்து மேல வச்சுப் பாருங்க. அக்ரிலிக் எப்பவும் இருளத்தான் செய்யும். ஈரத்துல பால் மாதிரி இருக்கிற பசை காயும்போது தெளிஞ்சுருதுங்க.

வெளிச்சத்தையும் சொல்லணும். எங்க லைட் பாக்ஸ்ல டி65னு பகல் வெளிச்சம் ஒண்ணு, டிஎல்84னு கடை ட்யூப்லைட் ஒண்ணு இருக்கும். ஒரு தடவை ஆலிவ் பச்சை டி-ஷர்ட் துணி, டி65ல அச்சு அசலாப் பொருந்துச்சு. கடை லைட்டுல வச்சா பழுப்படிச்சுப்போச்சு. மொத்த லாட்டையும் திரும்பச் சாயம் ஏத்தினோம், மூணு ராத்திரி தூக்கமில்லை. இதுக்கு மெட்டாமெரிசம்னு பேரு. நீங்க ராத்திரி ட்யூப்லைட்டுல தீட்டியிருக்கீங்க, வகுப்பு பகல்ல. காலையில ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்துல சார்ட்டை வச்சுப் பாருங்க.

எழுத வேண்டியதுல முக்கியமானது பிக்மென்ட் நம்பர், அதாவது உள்ள இருக்கிற நிறப்பொடியோட நம்பர். ட்யூபுல பொடி எழுத்துல போட்டிருக்கும்: பிபி29னா அல்ட்ராமரின், பிஜி7னா தாலோ கிரீன். பேரை நம்பாதீங்க. 'சேப் கிரீன்'னு நாலு கம்பெனி விற்கும், நாலுக்குள்ளயும் வேற வேற கலவை. நம்பர் ஏமாத்தாது. தேதியும் பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம்.

கலவைக்கு 24ஐயும் எடுத்தா 276 ஜோடி வருதுங்க. ஆறு எடுங்க: ரெண்டு மஞ்சள், ரெண்டு சிவப்பு, ரெண்டு நீலம். 15 ஜோடிதான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

நாலுகட்டம் (சென்னை)

திருப்பூர் ஐயா எழுதியதை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன். ஒன்றில் மட்டும் நான் வேறு வழி. ஒரே பெரிய தாளில் போடாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அட்டை வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு வளையத்தில் கோர்த்துவிடுங்கள். புது ட்யூப் வாங்கினால் நடுவில் சேர்க்கலாம், அட்டையை உருவிப் படத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். பென்சிலுக்கு ஒவ்வொரு அட்டையிலும் மூன்று அழுத்தம்: தொட்டும் தொடாமலும், நடுத்தரமாக, முழு அழுத்தமாக. மெழுகு கலந்த கலர் பென்சிலை முழு அழுத்தத்தில் அடித்தால் சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்தது போல் தெரியும். துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும், பயப்படாதீர்கள்.

வெயிலில் எது வெளுக்கிறது என்று பார்க்க ஜன்னல் சோதனையும் செய்யுங்கள். இன்னொரு அட்டையில் எல்லா நிறமும் சின்னதாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் கண்ணாடியில் ஒட்டுங்கள். எனக்கு மூன்று மாதத்தில் அந்தப் பளீர் ஓபரா பிங்க்கின் ஒளி முழுக்கப் போய்விட்டது. அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் (பிக்மென்ட் நம்பர் பிஆர்83 இருப்பது) பாதியாக இளைத்தது. அந்த நிறத்தில் போட்ட ஒரு ரோஜாப் படத்தை அக்காவின் கல்யாணத்துக்குச் சட்டமிட்டுக் கொடுத்திருந்தேன். முதலிலேயே தெரிந்திருந்தால் எளிதில் வெளுக்காத குவினாக்ரிடோன் ரோஸ் நிறத்தில் போட்டிருப்பேன்.

இந்த வேலையில் நேரம் வீணாகிறதோ என்று தோன்றினால், 1692ல் நெதர்லாந்தில் ஒருவர் கையால் எழுதி, கையால் தீட்டிய நிறப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 800 பக்கம், தண்ணீர் கூடக்கூட ஒவ்வொரு நிறமும் எப்படி வெளிறுகிறது என்று கட்டம் கட்டமாக. இப்போது பிரான்ஸில் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களின் படங்களைப் பார்த்த அன்றுதான் நான் என் முதல் அட்டையை வெட்டினேன்.

மாடிவகுப்பு (பாளையங்கோட்டை)

ரெண்டு வாரம் கழிச்சு வாறேன், மன்னிக்கணும். திருப்பூர் ஐயாவுக்கும் சென்னை அக்காவுக்கும் மதுரைத் தம்பிக்கும் ரொம்ப நன்றி.

72 பென்சிலையும் அட்டையா வெட்டிட்டேன். பிள்ளைங்களும் சேர்ந்துதான் செஞ்சாங்க, ஆளுக்கு ஆறேழு. கம்பெனி போட்ட பேர் அவங்களுக்கு வாயில நுழையல. அதனால நம்பருக்குக் கீழே அவங்களே பேர் வச்சாங்க: கிளிப்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், பழைய செங்கல். ஒரு சாம்பல் நீலத்துக்கு மட்டும் ஒரு குட்டி 'மழைக்கு முந்தின வானம்'னு எழுதிட்டா. நான் மாத்தல.

மயில் கழுத்து எந்தத் தனிப் பென்சில்லயும் இல்லைன்னு அட்டைகளைப் பரப்பி வச்சதும்தான் புரிஞ்சுது. அடியில அடர்நீலம் லேசா ரெண்டு தடவை, மேலே தாலோ பச்சை அழுத்தி, ஓரத்துல கொஞ்சம் ஊதா. காலை வெளிச்சத்துல பார்த்தா அப்படியே கழுத்துத் திருப்புற மாதிரி இருக்கு. அந்தக் கலவைக்கும் ஒரு அட்டை போட்டுட்டேன்.

என் வாட்டர்கலர் கேக்குல பிக்மென்ட் நம்பரே போடலை, டப்பாவுலயும் இல்லை. அதனால ஜன்னல்ல ஒட்டிப் பார்த்தாதான் தெரியும். தெற்குப் பக்கக் கண்ணாடியில 24ஐயும் ஒட்டியாச்சு. பொங்கல் அன்னைக்குப் பிரிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுதேன்.