டாக்ஸ்ஹுண்ட் நாய்க்குச் சிறுநீர்ப்பையை அழுத்திக் காலி செய்ய முடியவில்லை

எங்கள் டாக்ஸ்ஹுண்டுக்கு 6 வயது, 8 கிலோ. மார்பு முதுகெலும்பில் 12, 13-ஆம் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி, அறுவை சிகிச்சை முடிந்து 19 நாட்கள் ஆகின்றன. பின்னங்கால்கள் இன்னும் தாங்கவில்லை. பின்னங்கால் விரலைக் கிள்ளினால் திரும்பி முறைக்கிறாள், அதாவது உணர்வு இருக்கிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

சிக்கல் சிறுநீர்தான். அவளால் தானாகக் கழிக்க முடியாததால், நாளுக்கு நான்கு முறை வயிற்றை இருபுறமும் அழுத்துகிறேன். மருத்துவர் கைபட்டால் தாரையாக வருகிறது, எனக்கோ சொட்டுச் சொட்டாக. படுக்க வைத்துப் பார்த்தேன், துண்டால் இடுப்பைத் தாங்கி நிற்க வைத்தும் பார்த்தேன். வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொள்கிறாள். அரை மணி நேரத்தில் கூண்டுக்குள் விரிப்பு நனைகிறது. ஏற்கெனவே ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது.

வயிறு இறுகியிருக்கும்போது சிறுநீர்ப்பையைப் பிடிக்க நீங்கள் கையை எங்கே, எப்படி வைக்கிறீர்கள்?