கதையில் ஒருவன் செத்ததற்கு அழுதால் என்ன குறைந்துவிட்டது?

நிலாமுற்றம்: "கதாபாத்திரம் செத்ததற்கு அழுகிறவர்கள் நிஜ வாழ்க்கையில் ஆள் இல்லாதவர்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போனார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எனக்குக் கணவர், பிள்ளைகள், தோழிகள் எல்லாரும் இருக்கிறார்கள். இருந்தும் பத்து வருடம் கூடவே வந்த ஒரு பாத்திரம் இறந்த ராத்திரி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முந்தைய அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற இடத்தையே மறுபடி மறுபடி படித்தேன். இது இந்தக் காலத்துப் பழக்கமும் இல்லை. 1893 டிசம்பரில் எழுத்தாளர் கானன் டாயில் தன் துப்பறியும் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் கொன்றபோது லண்டன் இளைஞர்கள் துக்கத்துக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டார்கள்.

வழிப்போக்கன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கறுப்புப் பட்டைக்கு ஆதாரம் எங்கே? அன்றைய செய்தித்தாள் ஒன்று காட்டுங்கள். பல பத்தாண்டுகள் கழித்து வந்த வாழ்க்கை வரலாறுகளில்தான் அந்தக் கதை இருக்கிறது. ரசிகர்களுக்கு ரசிகர்களைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை வேண்டியிருக்கிறது.

இளவேனில்: பட்டையை விடுங்கள். 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். நமக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு நம்மைத் தெரியாது, ஆனாலும் பழகிய உணர்வு வந்துவிடுகிறது. அதைத் தனிமையில் இருப்பவர்களின் நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, சாதாரண மனிதர்களுக்கு வருவது என்றுதான் சொன்னார்கள்.

வழிப்போக்கன்: அவர்கள் எழுதியது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேயரைப் பார்த்துப் பேசுகிறவர்களை வைத்து. ஹோம்ஸ் யாரைப் பார்த்துப் பேசினார்? பாதி படித்துவிட்டு வந்து பாடம் எடுக்க வேண்டாம். பட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை.

இளவேனில்: பாதி படிப்பதைப் பற்றி யார் பேசுவது! போன மாதம் தொடரின் கடைசிப் பகுதியைத் தலைப்பிலேயே போட்டு உடைத்தவர் நீங்கள். பதினாறு வாரம் காத்திருந்தேன் ஐயா. அதற்கு ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

வழிப்போக்கன்: முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற கதை என்ன கதை?

செந்தாழை: அது "கருப்பு". எல்லாரும் தப்பாகவே எழுதுகிறீர்கள். கறுப்பு என்றால் கோபம்.

நிலாமுற்றம்: கோபத்துக்கும் வரும், நிறத்துக்கும் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. திருத்த வருகிறவர்கள் அடுத்த சூத்திரத்தையும் படித்துவிட்டு வாருங்கள். வழிப்போக்கன், பட்டை வேண்டாம் என்றால் டாயிலையே கேளுங்கள். 1924-ல் வெளிவந்த தன் நினைவு நூலில், ஒரு பெண்மணி தனக்கு எழுதிய கடிதத்தை "மிருகமே" என்று தொடங்கியதாகவும், பலர் அழுததாகக் கேள்விப்பட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். கொன்றவரே ஒப்புக்கொண்டதற்கு மேல் என்ன வேண்டும்?

வழிப்போக்கன்: ஒரு கடிதம், கொஞ்சம் கேள்விப்பட்டது. இதில் பட்டை எங்கே? நான் முதலிலிருந்து அதைத்தான் கேட்கிறேன். அழுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் எட்டிப் பார்க்காதவன், கதையில் வருகிறவனுக்கு வாரக்கணக்கில் துக்கம் கொண்டாடுகிறான், கேட்டால் இல்லாத பட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். என் அப்பா போனபோது என் நண்பன் ஒருவன் வரவில்லை. அதே வாரம் ஒரு நாயகன் இறந்த காட்சிக்குப் பக்கம் பக்கமாக இரங்கல் எழுதினான். அதைப் பார்த்தவன் நான்.

நிலாமுற்றம்: அப்பாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் நண்பர் செய்ததற்கு நாங்கள் எல்லாரும் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? என் அம்மா இறந்த வருடம் எனக்கு அழுகையே வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு நாவலில் ஒரு கிழவி சாகும் இடத்தில்தான் உடைந்து அழுதேன். அந்தக் கண்ணீர் யாருக்கு என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களா?

செந்தாழை: அகராதியில் இரண்டு வடிவமும் உண்டு என்கிறார்கள். நான் கருப்பு என்றுதான் எழுதுவேன்.

இளவேனில்: அந்தக் கடைசிப் பகுதிக்கு மன்னிப்பு இன்னும் வரவில்லை.

வழிப்போக்கன்: வராது. நிலாமுற்றம், உங்கள் அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். 1893-ம் வருடத்துச் செய்தித்தாள் கிடைத்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

நிலாமுற்றம்: டாயில் எழுதிய அந்தப் பக்கத்தை இன்று இரவு அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

வழிப்போக்கன்: அதில் பட்டை இருக்கிறதா?