டார்ட்மூர் வாரன் ஹவுஸ் இன்: அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்

பாளைக்காரன்:
அக்டோபர்ல பாளையங்கோட்டையில இருந்து இங்கிலாந்துல எக்ஸிடருக்கு, தம்பி வீட்டுக்குப் போறோம். டார்ட்மூர் மேட்டுநிலத்துல இருக்குற வாரன் ஹவுஸ் இன்ங்கிற பழைய பப்பை அப்பா பாக்கணும்னு சொல்லுதாவ. அப்பா கொஞ்சம் பியர் குடிப்பாவ. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. கார் ஓட்டுறது நான்தான். எதெல்லாம் கவனிக்கணும்?

தென்காசிச்சாரல்:
அவசியம் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. பி3212 ரோட்டுல மோர்ட்டன்ஹாம்ப்ஸ்டெட் தாண்டி, போஸ்ட்பிரிட்ஜுக்குக் கொஞ்சம் முன்னாடி தனியா நிக்கும். 1,425 அடி உயரம், சுத்திலும் மரமே இல்லாத பொட்டல். இப்ப உள்ள கட்டடம் 1845ல கட்டினது. பழைய விடுதி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்துச்சு. அங்க இருந்து கங்கு அள்ளிட்டு வந்து மூட்டுன அடுப்பு இன்னும் அணையலன்னு சொல்லுவாவ. வெள்ளீயச் சுரங்கத்து ஆளுங்க வந்து குடிச்ச இடம் இது. சுரங்கம் தோண்டுன பள்ளங்களை இப்பவும் பாக்கலாம்.

மேசைக்கு யாரும் வந்து கேக்க மாட்டாங்க. இடம் பிடிச்சு, மேசை நம்பரைப் பாத்துக்கிட்டு, பார்ல போய்ச் சொல்லி அங்கயே காசு கொடுத்துடணும். அடுப்புப் பக்கத்து இடம் வேணும்னா கடை திறந்த உடனே போங்க. மதியச் சமையலுக்கும் ராத்திரிச் சமையலுக்கும் நடுவுல அடுப்படியை மூடுற பப் நிறைய. அதனால நேரத்தைப் போன்ல கேட்டுக்கிடுங்க.

அப்பாவுக்கு கைப்பம்புல இழுக்குற ஏல்ங்கிற பியர், அரை பைண்ட் போதும், 284 மில்லி. 11 முதல் 13 டிகிரியிலதான் தருவாங்க. அது கெட்டுப்போனது இல்ல, நிலவறைச் சூடே அவ்வளவுதான். காடி வாடை அடிச்சா மட்டும் சொல்லுங்க, மாத்தித் தருவாங்க.

சொதிப்பிரியை:
அண்ணே, அம்மா சாப்பாட்டுலதான் சிக்கல். காய்கறிப் பை (pie, மேல மாவு மூடிச் சுடுறது)ன்னு எழுதியிருந்தாலும் மேல்மாவுல மாட்டுக் கொழுப்போ பன்னிக் கொழுப்போ சேரலாம். சூப்புக்கு எலும்புச் சாறு ஊத்தலாம். சிப்ஸை மீன் பொரிச்ச எண்ணெயிலயே போடலாம். மெனுவுல சைவம்னு காட்டுற ‘வி’ அடையாளம் இருந்தாலும் முட்டை வரும், சீஸ்ல பாலைத் திரைய வைக்க கன்னுக்குட்டி இரைப்பையில எடுத்த ரென்னெட் இருக்கலாம். ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கேளுங்க. தோலோட சுட்ட உருளைக்கிழங்கும் தக்காளிச் சாறுல வேகவச்ச பீன்ஸும் பெரும்பாலும் பயமில்லாதது. ஸ்கோன்ங்கிற சின்ன ரொட்டியில முட்டை உண்டான்னு கேட்டுட்டு வாங்கிக் கொடுங்க. எதுக்கும் ஒரு டப்பா புளியோதரை கார்ல இருக்கட்டும். ஆனா அதை உள்ள கொண்டுபோய்ப் பிரிக்கக் கூடாது.

பாளைக்காரன்:
நானும் அரை பைண்ட் குடிச்சுட்டு ஓட்டலாமா?

தென்காசிச்சாரல்:
வேண்டாம். அங்க 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி, நம்ம ஊர்ல 30தான். அந்த இடைவெளியை நம்பி இறங்காதீங்க, ரோடு அப்படி. ஆடும் குதிரையும் வேலியில்லாம ரோட்டுலயே படுத்துக் கிடக்கும், இருட்டுல கருப்புக் குதிரை கண்ணுக்கே தெரியாது. மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல போகாதீங்க. குதிரைக்குத் தீனி போடுறது சட்டப்படி தப்பு. தீனிக்குப் பழகி ரோட்டுக்கு வந்துதான் அடிபட்டுச் சாகுது.

குத்தாலச் சாரல் மாதிரி திடுதிப்புன்னு மூடுபனி இறங்கும். வரைபடத்தைப் போன்ல முன்கூட்டியே இறக்கி வச்சுக்கிடுங்க. நடக்கப் போனா தடத்தை விட்டு விலகாதீங்க. பளிச்சுன்னு பச்சையா பாசி தெரியுற இடம் பூராவும் சதுப்பு, மேல புல்லுத்தரை மாதிரி இருக்கும், கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும். அம்மாவுக்கு செருப்பு சரிப்படாது, கணுக்கால் மூடுற ஷூ வாங்கிக் கொடுங்க.