டியர்போர்னில் பார்த்த புகாட்டி ரோயால்

மிச்சிகனில் வேலை பார்க்கும் என் மருமகன் டியர்போர்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அங்கு ஃபோர்டு கார்களைவிட அதிக நேரம் என்னை நிறுத்தி வைத்தது, பிரான்சில் உருவான புகாட்டி டைப் 41 ரோயால். 1931ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் காருக்கு, கூரையை மடக்கித் திறக்கும் மேற்கூட்டை மியூனிக் நகரின் வைன்பெர்கர் கட்டிக்கொடுத்திருக்கிறார். ரோயால் வகையில் இன்று எஞ்சியிருப்பவை ஆறே ஆறு.

படங்களில் அதன் அளவு பிடிபடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமே 4.3 மீட்டர், நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழே கார் நிறுத்தும் கட்டத்தின் முழு நீளம் 4.8 மீட்டர்தான். எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் என்ஜினின் கொள்ளளவு 12.7 லிட்டர். அரசர்களை மனத்தில் வைத்துச் செய்த இந்த வகையைப் பொருளாதார மந்தக் காலத்தில் வாங்க முன்வந்தவர்கள் மூவர் மட்டுமே என்பதால், மீந்த என்ஜின்களைப் பிரெஞ்சு ரயில்களில் பொருத்த வேண்டியதாயிற்று.

இதை வாங்கிய ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஃபுக்ஸ், நாட்டின் அரசியல் சூழல் கெட்டபோது வெளியேறி, ஷாங்காய் வழியாக 1937 வாக்கில் நியூயார்க் சேர்ந்தார். காரும் உடன் சென்றது. அங்கே ஒரு குளிர்காலத்தில் உள்ளிருந்த நீர் உறைந்து என்ஜின் பிளாக் வெடித்துவிட, கார் பழைய இரும்புக் கிடங்குக்குப் போய்விட்டது. சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரக் கார்ப் பட்டறைகளிலேயே காலம் கழித்த எனக்கு, என்ஜின் சூடேறிக் கெட்ட கதைகள்தாம் தெரியும். உறையும் நீர் விரிந்து வார்ப்பிரும்பையே பிளக்கும் என்பதைப் படித்திருந்தாலும், அப்படி அடிபட்ட என்ஜின் முன் நின்றது அதுவே முதல் முறை.

கிடங்கிலிருந்து அதை மீட்டவர், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறியியல் துணைத் தலைவரான சார்ல்ஸ் செய்ன். அவர் பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. எரிபொருளையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் ஒற்றைக் கார்புரெட்டர் இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தினார்; கறுப்பும் மஞ்சளுமாக இருந்த காருக்கு வெண்ணிறமும் கரும்பச்சை ஓரங்களும் கொடுத்தார். 1957இல் அருங்காட்சியகத்துக்கு அவர் அளித்த காரில் இன்றும் அந்த மாற்றங்களைக் காணலாம்.

“மாமா, பழைய நிறத்துக்கே மாற்றியிருக்கலாமே?” என்று மருமகன் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்புரெட்டரைத் தம் விருப்பப்படி மாற்றியது மெக்கானிக்குகளுக்கே உரிய அடங்காத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஃபுக்ஸ் ஓட்டிய காலத்தைப் போலவே, செய்ன் கை வைத்த காலமும் இந்தக் காரின் வரலாற்றில் ஒரு பகுதி. அதைச் சுரண்டி எடுத்தால், கிடங்கிலிருந்து அது மீண்டதற்கான கண்கூடான சான்று போய்விடும். மருமகனோ திரும்பி வரும் வழியெல்லாம் கறுப்பும் மஞ்சளும்தான் அழகு என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்.