பாஸ்டன் ஏரி ஐஸ் நாலு மாசக் கடல் பயணத்தில் உருகாமல் மெட்ராஸ் வந்தது எப்படி?

கேள்வி – மெரினா_வாசகி

காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கும் வட்டக் கட்டடம், 1842-ல் அமெரிக்க ஐஸை இறக்கி வைக்கக் கட்டிய கிடங்கு என்பது சென்னைக்காரர்கள் பலருக்கும் தெரியும். ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். எனக்கு இடிப்பது அதற்கு முந்தைய பகுதி. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். அதற்கு முன் பாஸ்டனிலிருந்து கிளம்பும் பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, ஏறக்குறைய நாலு மாசம் கழித்துத்தான் இந்தப் பக்கம் வரும். கப்பலில் எந்தக் குளிர்பதன இயந்திரமும் கிடையாது. மரத்தூள் போட்டு மூடினார்கள் என்று ஒரே வரியில் எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். வெறும் மரத்தூள் அவ்வளவு வேலை செய்யுமா?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அப்போது மெட்ராஸில் துறைமுகமே இல்லையே, எப்படி இறக்கினார்கள்? வட இந்தியாவில் மண்சட்டியில் ஐஸ் பிடித்தார்கள் என்று படித்திருக்கிறேன், அதை ஏன் இங்கே செய்யவில்லை? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு இதை வைத்து ஏதாவது செய்துகாட்ட முடியுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – வெப்பக்கணக்கு

நல்ல கேள்வி. முதலில் தலைப்பையே கொஞ்சம் திருத்த வேண்டும். ஐஸ் உருகாமல் வரவில்லை, நன்றாகவே உருகியது. இந்தியாவுக்கு முதல் சரக்கைக் கொண்டுவந்த டஸ்கனி என்ற கப்பல் 1833 மே 12-ல் பாஸ்டனை விட்டது. ஏற்றியது 180 டன். செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது மிஞ்சியது சுமார் 100 டன். போனது போக நிற்பதை விற்பது என்று திட்டம் போட்டுத்தான் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் இந்த வியாபாரத்தையே நடத்தினார்.

இப்போது உங்கள் மரத்தூள் கேள்வி. அதில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஒன்று, உருகுவதற்கு ஐஸ் கேட்கும் வெப்பம் மிக அதிகம். ஒரு கிலோவுக்கு சுமார் 334 கிலோஜூல். அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சுடவைக்க ஆகும் வெப்பம் அது.

இரண்டு, பரப்புக்கும் கனத்துக்கும் உள்ள உறவு. பெரிதும் விட்டுப்போவது இதுதான். வெப்பம் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு மீட்டர் பக்கமுள்ள கன சதுர ஐஸுக்கு 6 சதுர மீட்டர் பரப்பு. பக்கம் 5 மீட்டர் ஆனால் பரப்பு 150 சதுர மீட்டர், கனஅளவு 125 கன மீட்டர். அதாவது ஒரு கன மீட்டர் ஐஸுக்கு 1.2 சதுர மீட்டர் பரப்புதான். உருகும் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் டிரேயில் எடுக்கிற கட்டியை வைத்து 180 டன்னை யோசிக்கவே கூடாது.

மூன்றாவதுதான் மரத்தூள். அது தனக்குள் சிறைப்பிடிக்கிற காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. 180 டன் ஐஸ் ஒரே குவியலாக இருந்தால் பக்கம் 5.8 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 200 சதுர மீட்டர். வெளியே சராசரி 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மூடாமல் விட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 250 வாட் போல உள்ளே போகும். ஒரு நாளைக்கு 13 டன் காலி, அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் சரக்கு முடிந்துவிடும். சுற்றிலும் ஒரு அடி கனத்துக்கு உலர்ந்த மரத்தூள் இருந்தால் அது 6 வாட்டுக்கு இறங்குகிறது. ஒரு நாளைக்கு 300 கிலோதான் உருகும். 120 நாளைக்கு 36 டன்.

நிஜத்தில் போனது 80 டன். என் கணக்கு உலர்ந்த தூளுக்கானது, வித்தியாசம் முக்கியமாக அங்கேதான் வருகிறது. உருகிய தண்ணீர் தூளில் ஊறியதும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் அடியில் சேரும் தண்ணீரை விடாமல் பம்ப் வைத்து இறைத்து வெளியேற்றியாக வேண்டும். அதில் சோம்பல்பட்டால் ஐஸும் போகும், கப்பலும் ஒரு பக்கம் சாயும்.

பதில் – சேப்பாக்கம்_ரகு

இவ்வளவு தூரம் எதற்கு? ஐஸ் ஹவுஸ் என்பது அந்தக் காலத்து ஐஸ் ஃபேக்டரிதானே, அங்கேயே தயாரித்தார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில் – பழைய_பட்டணம்

இல்லை ரகு சார், அந்தக் கட்டடத்தில் ஒரு துளி ஐஸ்கூட உற்பத்தியாகவில்லை. அது வெறும் கிடங்கு. டியூடரின் வியாபாரத்துக்காகக் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் ஐஸ் கிடங்குகள் இருந்தன. இன்று நிற்பது நம்முடையது மட்டும்தான்.

வெப்பக்கணக்கு ஐயா சொன்னதோடு, ஐஸை வெட்டிய விதத்தையும் சேர்க்க வேண்டும். மரத்தூளுக்குச் சமமான பங்கு அதற்கும் உண்டு. ஆரம்பத்தில் ஏரி ஐஸைக் கோடாலியாலும் ரம்பத்தாலும் கையால்தான் அறுத்தார்கள். துண்டுகள் கோணல்மாணலாக வரும், அடுக்கினால் நடுவில் சந்து விழும், அந்தச் சந்தில் காற்று ஓடி உள்ளிருந்தே உருக்கும். 1825 வாக்கில் நத்தானியேல் வைய்த் என்பவர், குதிரை இழுக்கும், வரிசையாகப் பல் வைத்த இரும்புக் கலப்பை ஒன்றைச் செய்தார். பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஃபிரெஷ் பாண்ட் என்ற ஏரியில் டியூடருக்காக வேலை பார்த்தவர் அவர்.

வேலை நடக்கும் முறை இப்படி. ஜனவரி, பிப்ரவரியில் ஏரி கெட்டியாக உறைந்ததும் முதலில் மேலே கிடக்கும் பனியைச் சுரண்டித் தள்ளுவார்கள், ஏனென்றால் பனி போர்வை மாதிரி மூடியிருந்தால் கீழே ஐஸ் தடிக்காது. பிறகு கலப்பை நீளவாக்கில் ஒரு கோடு கீறும். அதன் பக்கத்தில் பொருத்திய வழிகாட்டிக் கம்பி அந்தக் கோட்டிலேயே ஓட, அடுத்த கோடு அதே இடைவெளியில் விழும். குறுக்கேயும் அப்படியே கீறினால் ஏரி முழுக்கக் கட்டம் கட்டமாக ஆகிவிடும். அடிவரை அறுப்பதில்லை. முக்கால்வாசி ஆழம் போனதும் கடப்பாரையால் நெம்பினால் கோட்டோடு நேராகப் பிளந்துகொள்ளும். துண்டுகளை வாய்க்கால் வெட்டி மிதக்கவிட்டே கரைக்குத் தள்ளிவருவார்கள்.

எல்லாத் துண்டும் ஒரே அளவு என்பதால் கப்பல் அடித்தட்டில் செங்கல் சுவர்போல இடைவெளியில்லாமல் அடுக்க முடிந்தது. பலகை அடித்து உள்ளறை கட்டி, அதற்கும் கப்பல் சுவருக்கும் நடுவில் மரத்தூளை இறுக அடைத்தார்கள். அப்போதுதான் மேலே சொன்ன 'ஒரே குவியல்' கணக்கு உண்மையாகிறது.

மெட்ராஸில் இறக்கியதைப் பற்றி. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து எல்லாச் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. நம் கரையில் அலை உடைகிற வேகத்துக்கு விறைப்பான ஐரோப்பியப் படகு பிளந்துவிடும், மசூலா வளைந்து கொடுக்கும். வெயிலில் தங்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்பதால்தான் கிடங்கைக் கடலோரமாகக் கட்டினார்கள். இன்றைக்குப் பார்த்தால் கடல் தூரத்தில் தெரிகிறது. 1870-களில் துறைமுகச் சுவர் வேலை தொடங்கிய பிறகு தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இத்தனை அகலமானது. 1842-ல் கடல் அந்தக் கட்டடத்துக்கு வெகு பக்கம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் ஐஸுக்குச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்து, ராத்திரியில் இறக்கவும் அனுமதி தந்தது.

மெரினா_வாசகி

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. கட்டடம் வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டா? பாதிச் சரக்கு கரைந்துபோகிற வியாபாரத்தில் லாபம் எங்கிருந்து வந்தது?

பதில் – வெப்பக்கணக்கு

வட்டம் ஏன் என்று கட்டியவர்கள் எழுதிவைத்த காரணம் எதையும் நான் சொல்ல வரவில்லை, வடிவியல் மட்டும் சொல்கிறேன். ஒரே தரைப்பரப்புக்குச் சதுரமாகக் கட்டினால் சுவர் நீளம் வட்டத்தைவிட 13 சதவீதம் கூட வரும். சுவர் குறைந்தால் வெப்பம் நுழையும் வழியும் குறையும். ஐஸ் வைக்க அருமையான வடிவம்.

மனிதர் குடியிருக்க அப்படியில்லை. ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கி, கெர்னன் கோட்டை என்று பெயர் வைத்து, ஜன்னலும் வராந்தாவும் சேர்த்து வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான்.

பதில் – சரக்கேடு

லாபக் கணக்கு நான் சொல்கிறேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

ஏரித் தண்ணீர் உறைவது இலவசம். மரத்தூள், மெய்ன் பகுதி ரம்ப ஆலைகள் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்த கழிவு. கப்பல் வாடகையும் மலிவு, ஏனென்றால் கிழக்கே போகும் பாஸ்டன் கப்பல்களுக்கு ஏற்றிச்செல்ல அதிகச் சரக்கு கிடைக்காது. சாயாமல் இருக்கக் கல்லை நிரப்பிக்கொண்டு போவார்கள், திரும்பும்போதுதான் அவுரி, தோல் என்று நிறைத்துக்கொண்டு வருவார்கள். கல் ஏற்றும் இடத்தில் ஐஸ் ஏற்றினால் வந்தவரை லாபம்தான். அதே குளிரில் ஆப்பிள் பீப்பாய்களையும் சேர்த்து அனுப்பினார்கள்.

டியூடர் இதை ஒரே நாளில் பிடித்துவிடவில்லை. 1806-ல் முதல் முயற்சியாக கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்கு 130 டன் அனுப்பினார். ஐஸ் ஏற்ற எந்தக் கப்பல்காரரும் ஒத்துக்கொள்ளாததால் கப்பலையே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. ஐஸ் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் வைக்கக் கிடங்கு இல்லை! கரையிலேயே உருகி ஓடியது, நஷ்டம் சுமார் 4,000 டாலர். மெட்ராஸில் கிடங்கு கட்டியதன் பின்னால் இருப்பது மார்ட்டினிக்கில் கற்ற அந்தப் பாடம்.

முடிவு வேகமாக வந்தது. 1874-ல் மெட்ராஸிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது, 1878-ல் பெங்கால் ஐஸ் கம்பெனி. நீராவி இயந்திரம் ஊருக்குள்ளேயே ஐஸ் தயாரித்தால், வழியில் பாதியை இழந்து வரும் சரக்கு எப்படிப் போட்டிபோடும்? சில வருஷங்களில் பாஸ்டன் ஐஸ் நின்றுபோனது.

பதில் – வானிலைப்_பித்தன்

மண்சட்டி ஐஸ் ஏன் மெட்ராஸில் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் இரண்டு: நம்ம ஊர் வெப்பமும் ஈரக் காற்றும்.

அலகாபாத்தில் செய்த முறையை சர் ராபர்ட் பார்க்கர் 1775-ல் விவரமாக எழுதியிருக்கிறார். திறந்தவெளியில் 30 அடிக்கு 30 அடி, 2 அடி ஆழத்தில் பள்ளம். அதன் தரையில் எட்டு அங்குலம் முதல் ஓரடி கனத்துக்குக் காய்ந்த கரும்புச் சருகு அல்லது மக்காச்சோளத் தட்டை. அதன்மேல் மெருகு பூசாத சின்ன மண் தட்டுகள், ஆழம் ஒன்றேகால் அங்குலம்தான். பொழுது சாய்ந்ததும் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி வைத்தால், சூரியன் வருமுன் ஐஸ் படிந்திருக்கும். அதைச் சேர்த்து, வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் போர்த்திய 14, 15 அடி ஆழக் குழியில் போட்டு இடித்துக் கெட்டியாக்குவார்கள்.

மேகமில்லாத இரவில் தண்ணீர் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது. கீழே சருகு இருப்பதால் பூமியின் சூடு ஏறிவராது. அதனால் காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் தட்டில் ஐஸ் பிடிக்கும். இதற்கு உலர்ந்த காற்று, தெளிந்த வானம், அசையாத இரவு மூன்றும் வேண்டும். காற்று வீசினால் போதும், வெப்பம் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

சென்னையில் ஜனவரியில்கூடக் குறைந்தபட்சம் 20 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. காற்றிலுள்ள நீராவியே வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. தட்டு கொஞ்சம் குளிர்ந்ததுமே அதன்மேல் பனித்துளி படியும், படியும்போது ஒரு கிராமுக்கு 2.5 கிலோஜூல் வெப்பத்தைத் தட்டிலேயே விட்டுவிடும். எத்தனை சட்டி வைத்தாலும் 0 டிகிரி பக்கம் போகவே முடியாது.

பதில் – ஆய்வக_அண்ணன்

கண்காட்சிக்கு நான்கு பக்கெட் போதும். ஒவ்வொன்றும் 20 லிட்டருக்குக் குறையாமல், அடியில் விரல் நுழையும் ஓட்டை, ஓட்டைமேல் துணி. ஓட்டை மண்ணில் அடைபடாமல் இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கிலோ கட்டி. இப்படி மூன்று கட்டி, கூடவே ஒரு கிலோ சின்ன டிரே ஐஸ். முதல் பக்கெட்டில் கட்டியைத் தூள் இல்லாமல் வையுங்கள். இரண்டாவதில் சுற்றிலும், மேலும் கீழும் 8 செ.மீ. உலர்ந்த மரத்தூள். மூன்றாவதில் அதே அளவு தூள், ஆனால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது. நாலாவதில் டிரே ஐஸை உலர்ந்த தூளோடு கலந்து போடுங்கள். பரப்பு, காற்று, ஈரம் மூன்றுமே பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரிந்துவிடும்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. மரக்கடைத் தூள் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் ஈரமாக இருக்கும், ஒரு நாள் வெயிலில் பரப்பிக் காயவையுங்கள். அடுத்து, ஓட்டை வழியே வரும் தண்ணீரை அளந்து முடிவு சொல்லாதீர்கள். உருகியதில் பெரும்பகுதியைத் தூளே குடித்துவிடும், அதிகம் உருகவில்லை என்று தப்பாகத் தோன்றும். மூன்றரை மணி நேரம் கழித்து நான்கையும் ஒரே சமயத்தில் எடுத்து, ஒட்டிய தூளைத் துடைத்து, மிச்ச ஐஸைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இடையில் திறந்து பார்க்க விடாதீர்கள், திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்று போய்ச் சூடான காற்று உள்ளே இறங்கும்.

முடிந்ததும் அந்த ஐஸைப் பிள்ளைகள் ஜூஸில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கடைத் தூளில் பூச்சி மருந்தோ பாலிஷோ கலந்திருக்கலாம்.